ஜோயலுக்காக அழுதவர்கள்

2025 ஏப்ரல் 20, ஞாயிறு இரவு. அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளின் சோபாக்களில் ஒரே மாதிரியான சின்னச் சதி ஒன்று அரங்கேறியது. கணவனுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. அல்லது மகனுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தவர் டிவியைப் பார்க்கவில்லை. செல்போனை எங்காவது சாய்த்துவைத்து, தெரியாதவரின் முகத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். ஓடிக்கொண்டிருந்தது எச்பிஓவின் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடரின் இரண்டாம் சீசன், இரண்டாம் எபிசோடு. ஜோயலை ஆபி என்ற இளம்பெண் கோல்ஃப் மட்டையால் அடித்துக் கொல்கிற எபிசோடு. மறுநாளே அந்த முகங்கள் யூடியூபில் வரிசைகட்டி நின்றன. வாயைப் பொத்திக்கொள்கிறவர், எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறவர், ‘உனக்கு முன்னாடியே தெரியுமா?’ என்று பக்கத்திலிருப்பவரிடம் சண்டைக்குப் போகிறவர். நம் ஊரில் அது திங்கள் காலை. ஆபீசுக்குக் கிளம்புமுன் பார்த்துத் தொலைத்துவிட்டு, அன்று முழுக்க யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தவர்களும் உண்டு.

தெரிந்தவர்கள் இந்த ரகசியத்தை ஐந்து வருஷம் அடைகாத்தவர்கள். தொடருக்கு மூலமான வீடியோ கேமின் இரண்டாம் பாகம் 2020 ஜூன் 19 அன்று வந்தது. ஜோயல் அதில் செத்துவிட்டான். அவர்களுடைய அழுகை அப்போதே முடிந்துவிட்டது. இன்னொருவர் அழுவதைப் பார்ப்பதற்காகத்தான் அவர்கள் காத்திருந்தார்கள். இதில் கொஞ்சம் குரூரம் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குள் ஒரு ஏக்கமும் இருக்கிறது: நான் பட்டதை நீயும் பட வேண்டும், அப்போதுதான் என்னால் உன்னோடு இதைப் பற்றிப் பேச முடியும் என்கிற ஏக்கம்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எறும்பின் உடலைத் தன்வசப்படுத்தி ஆட்டிவைக்கும் கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை உண்மையிலேயே இருக்கிறது. பிபிசியின் ‘பிளானட் எர்த்’தில் அதைப் பார்த்த, கேமின் கதையை எழுதிய நீல் ட்ரக்மனுக்கு, அது மனிதர்களைப் பிடித்தால் என்னாகும் என்று தோன்றியது. உலகம் சரிந்து இருபது வருஷம் கழித்து, மகளை இழந்த ஜோயல், பூஞ்சைக்கு எதிர்ப்புச் சக்தி உள்ள பதினாலு வயது எல்லியை நாடு கடந்து அழைத்துப்போகிறான். அவளிடமிருந்து மருந்து எடுக்கலாம் என்று நம்பும் ஒரு போராளிக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். கடைசியில், மருந்து எடுத்தால் அவள் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்ததும், ஆஸ்பத்திரியில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கொன்று, அறுவை மேசையிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். உன்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், மருந்து கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள் என்று பொய் சொல்கிறான். கொல்லப்பட்ட டாக்டரின் மகள்தான் ஆபி. நாட்டி டாக் நிறுவனம் முதல் பாகத்தை 2013இல் பிளேஸ்டேஷன் 3க்காக வெளியிட்டது. ‘செர்னோபில்’ தொடரை எழுதிய கிரெய்க் மேசினும் ட்ரக்மனும் சேர்ந்து அதைத் தொடராக்கினார்கள். 2023 ஜனவரி 15 அன்று முதல் எபிசோடு வந்தது.

இத்தனை பெரிய எதிர்வினையைக் கிளப்பிய தொடர்கள் வேறும் இருக்கின்றன. ஆனால் இதைப் பார்த்தவர்கள் இரண்டு சாதி. கேமை விளையாடிவிட்டு வந்தவர்கள், விளையாடாமல் வந்தவர்கள். இந்த இரண்டு பேரும் ஒரே காட்சியைப் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கேமில், அறுவை அறைக்குள் நுழையும் ஜோயலை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் படைத்தவர்கள் ஒதுங்கி நின்றுகொள்கிறார்கள். டாக்டர் கத்தியை நீட்டி வழிமறிக்கிறார். நர்ஸ்கள் இருவர் சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள். மேசையில் எல்லி மயக்கத்தில் கிடக்கிறாள். நீங்கள் சும்மா நின்றால் கதையும் நின்றுவிடும். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் டாக்டர் அங்கேதான் நிற்பார். அவரைக் கொல்லாமல் எல்லியைத் தொட முடியாது. சமாதானம் பேச ஒரு பொத்தான் இல்லை. எத்தனை மணி நேரம் யோசித்தாலும் கடைசியில் கொல்வது உங்கள் விரல்தான். கேமை விளையாடியவர்கள் ‘ஜோயல் கொன்றான்’ என்று சொல்லும்போது குரலில் ஒரு சின்னத் தடுமாற்றம் வரும். அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் இதுதான்.

தொடரில் இதே காட்சியை ஈரானிய வம்சாவளி இயக்குநர் அலி அப்பாஸி எடுத்திருக்கிறார். ஜோயலாக நடித்த பெட்ரோ பாஸ்கலின் முகத்தில் கோபமோ வெறியோ இல்லை. வேலைக்குப் போகிறவனின் முகம் அது. துப்பாக்கிச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல அமுங்கியிருக்கிறது. மேலே குஸ்தாவோ சந்தாவொலல்லாவின் இசை, கேமுக்கும் அவர்தான் இசை. டாக்டரைச் சுட ஜோயலுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. பார்க்கிற நமக்கும் அதில் எந்த வேலையும் இல்லை. நாம் சாட்சி. சாட்சிக்கு ஒரு வசதி உண்டு, உடனே நீதிபதியாகிவிடலாம். மறுநாள் எல்லாரும் நீதிபதிகளாகத்தான் பேசினார்கள். ஜோயல் செய்தது சரியா, தப்பா? மருந்து உண்மையிலேயே கிடைத்திருக்குமா? எல்லியை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

கேம் தயாரிப்பில் இருந்தபோது சோதனைக்காக விளையாட வைத்தவர்களைப் பற்றி ட்ரக்மன் சொல்லியிருக்கிறார். பிள்ளை பெறாதவர்கள் ஜோயல் பக்கம் பாதியும் எதிர்ப்பக்கம் பாதியுமாகப் பிரிந்தார்களாம். பெற்றவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் ஜோயல் பக்கம். இந்தத் தகவலை ஜோயலுக்கான வக்காலத்தாகவே எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் பயமாகத்தான் இருக்கிறது. ஒரு மனுஷனும் மாற்றி யோசிக்காத இடத்தில் நியாயம் என்று பேச என்ன இருக்கிறது? அங்கே வேலை செய்வது ரத்தம்.

முதல் சீசனுக்கு வந்த எதிர்வினைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஆரம்ப நாட்களின் துப்பறியும் வேலை. முதல் எபிசோடில் உலகம் அழியும் நாள் காட்டப்படுகிறது. காலையில் பான்கேக் சுடலாம் என்று பார்த்தால் மாவு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பிஸ்கட் நீட்டுகிறார்கள், ஜோயல் டயட்டைக் காரணம் காட்டித் தட்டிவிடுகிறான். மகள் சாரா பக்கத்து வீட்டு அம்மா சுட்ட குக்கியில் திராட்சை இருப்பது தெரிந்ததும் விட்டுவிடுகிறாள். பிறந்தநாள் கேக்கை ஜோயல் வாங்க மறந்துவிடுகிறான். ரேடியோவில் ஜகார்த்தா என்ற பெயர் போகிறபோக்கில் காதில் விழுகிறது. பார்த்தவர்கள் மறுபடி ஓட்டிப் பார்த்து, இந்தக் குடும்பம் நாள் முழுக்க மாவுப் பண்டத்தைத் தொடவேயில்லை, ஆகவே தொற்று மாவில் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த எபிசோடு ஜகார்த்தாவில் தொடங்குகிறது, மாவு ஆலையில் முதல் தொற்று. மூன்றாவதில் ஜோயலே அதைச் சொல்கிறான். பார்வையாளரின் அறிவை மதித்து ஒரு தொடர் வைத்த புள்ளிகள், பார்வையாளர் போட்ட கோலம். இந்த மரியாதைதான் இரண்டாம் சீசனில் காணாமல் போயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஜகார்த்தாக் காட்சியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது ஒரு முழுமையான சிறுகதை. 2003 செப்டம்பர். பூஞ்சையியல் பேராசிரியை ஒருவரை ராணுவம் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பி அழைத்துப்போகிறது. நடித்திருப்பவர் இந்தோனேசிய சினிமாவின் பெரிய நடிகை கிறிஸ்டின் ஹக்கிம், பேச்சும் அவர்கள் மொழியிலேயே. பிணத்தைப் பார்த்துவிட்டு வருகிறார். டீக் கோப்பை கையில் நடுங்குகிறது. தடுப்பூசி வேண்டும் என்கிறார் ராணுவ அதிகாரி. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை, குண்டு போடுங்கள், ஊரையும் அதில் இருக்கிற எல்லாரையும் என்கிறார் அந்த அம்மா. பிறகு, என்னை வீட்டில் விட்டுவிட முடியுமா, குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று கேட்கிறார். உலகத்துக்காக ஊரையே பலி கொடுக்கச் சொன்னவர் தன் வீட்டுக்குப் போகவே கேட்கிறார். ஜோயல் கடைசியில் செய்யப்போவதன் நேர் எதிர்த்திசை இது. காலத்தின் தற்செயலும் கூடியது: உலக சுகாதார நிறுவனம் மனிதர்களுக்கு ஆபத்தான 19 பூஞ்சைகளின் பட்டியலை முதல்முறையாக வெளியிட்டது 2022 அக்டோபரில், தொடர் வந்தது மூன்று மாதத்தில். 2021இல் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்ற சொல்லைத் தினமும் செய்தியில் கேட்டுப் பயந்த இந்தியப் பார்வையாளருக்கு அந்த டீக் கோப்பை கொஞ்சம் கூடுதலாகவே நடுங்கியிருக்கும்.

மூன்றாம் எபிசோடுக்கு வருவோம். கேமில் பில் என்பவன் எரிச்சல் பிடித்த தனியன். அவனுடைய துணைவன் ஃபிராங்க் தூக்கில் தொங்கிய பிணமாகத்தான் வருகிறான், பில்லை வெறுத்து எழுதிய கடிதத்தோடு. தொடரில் மேசின் அதைத் தலைகீழாக்கிவிட்டார். நிக் ஆஃபர்மனும் மர்ரே பார்ட்லெட்டும் பதினாறு வருஷ இல்லறம் நடத்துகிறார்கள். ஒரேயொரு காட்சியைச் சொல்கிறேன். ஃபிராங்க் பில்லுக்குத் தெரியாமல் அவனுடைய துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து விதைப் பொட்டலம் வாங்கிவைத்திருக்கிறான். தோட்டத்து மூலைக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறான். நாலைந்து ஸ்ட்ராபெரிப் பழங்கள். முள்வேலி, கண்ணி, கேமரா என்று கோட்டை கட்டி வாழ்கிற அந்தத் தாடிக்காரன் ஒரு பழத்தைக் கடிக்கிறான். இத்தனை வருஷம் மறந்திருந்த ருசி நாக்கில் பட்டதும், சின்னப் பெண் மாதிரி அவனிடமிருந்து ஒரு சிரிப்பு பீறிட்டு வருகிறது. அந்தச் சிரிப்புக்கு அவனே வெட்கப்படுகிறான். அவ்வளவுதான் காட்சி.

இந்த எபிசோடுக்கு மூன்று விதமான எதிர்வினை வந்தது. முதலாவது அழுகை, 1970இல் லிண்டா ரான்ஸ்டாட் பாடிய பழைய பாட்டு ஒன்று அந்த எபிசோடில் வந்ததால், அன்றிரவே மறுபடி ஆயிரக்கணக்கானோர் தேடிக் கேட்கும் பாட்டாகிவிட்டது. இரண்டாவது அருவருப்பு, இரண்டு ஆண்கள் காதலிப்பதைப் பார்க்கவா இங்கே வந்தோம் என்று குறைந்தபட்ச மதிப்பெண்ணை அள்ளிக்கொட்டியவர்கள். அவர்களுக்கு ஆஃபர்மன் ஒரு விருது மேடையில், இது காதல் கதை ஐயா என்கிற தொனியில் நன்றாகவே திருப்பிக் கொடுத்தார். இந்த வேடத்துக்காக எம்மியும் வாங்கினார். மூன்றாவது எதிர்வினைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: ‘கதை நகரவில்லை.’ ஜோயலும் எல்லியும் இந்த எபிசோடில் கொஞ்ச நேரமே வருகிறார்கள், இதை வெட்டி எறிந்தாலும் தொடருக்கு ஒன்றும் ஆகாது என்ற வாதம்.

ஆகும். பில் சாவதற்கு முன் ஜோயலுக்கு எழுதி வைத்த கடிதத்தை எல்லி வாசிக்கிறாள். காப்பாற்றத் தகுந்த ஓர் ஆள் எனக்குக் கிடைத்தான், அவனைக் காப்பாற்றினேன், நம்மைப் போன்றவர்கள் பூமியில் இருப்பதே அதற்குத்தான், குறுக்கே வருகிறவன் கதி அதோகதி என்கிற சாரத்தில் இருக்கும் அது. பார்த்தவர்கள் அதைக் காதலின் உச்சமாகக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆறு வாரம் கழித்து ஜோயல் ஆஸ்பத்திரியில் அந்தக் கடிதத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியபோது திகைத்துப்போனார்கள். ஸ்ட்ராபெரித் தோட்டத்தைச் சுற்றியிருந்த வேலியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறந்துவிட்டார்கள். முதல் சீசனின் சாமர்த்தியமே இதுதான். நம் அழுகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, பிறகு அதற்கு ரசீது கொடுத்தது. அமெரிக்காவில் அந்தக் கடைசி எபிசோடை அன்றிரவே பார்த்தவர்கள் 82 லட்சம் பேர்.

இப்போது 2020க்குப் போக வேண்டும். கேமின் இரண்டாம் பாகம் வெளியாவதற்கு முன்பே, ஏப்ரலில், காட்சிகள் திருட்டுத்தனமாகக் கசிந்துவிட்டன. ஜோயல் சாகிறான் என்று தெரிந்ததும் ஆரம்பித்த ஆத்திரம், வெளியான அன்றே மதிப்பெண் தளமான மெட்டாகிரிட்டிக்கில் கொட்டியது. விமர்சகர்களின் சராசரி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். பயனாளர்களின் சராசரி பத்துக்கு நாலைக்கூட எட்டவில்லை. முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் விளையாட்டுக்கு, வெளியான சில மணி நேரத்தில் வந்து விழுந்த தீர்ப்புகள் அவை. அடுத்த மாதமே அந்தத் தளம் விதியை மாற்றி, வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் பயனாளர் மதிப்பெண் போட முடியும் என்றது. ஆத்திரத்துக்குக் கொஞ்சம் நியாயமும் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். முன்னோட்டத்தில் எல்லிக்குத் துணையாக ஜோயல் வந்து நிற்கிற மாதிரி காட்டியிருந்தார்கள். கேமில் அந்த இடத்தில் நிற்பவன் வேறொருவன். வாங்குகிறவனை அப்படி ஏமாற்றியிருக்கக் கூடாது.

ஆனால் அந்த நியாயம் எங்கே போய் முடிந்தது? ஆபிக்குக் குரல் கொடுத்து நடித்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவருடைய சின்னக் குழந்தையைக்கூட விடவில்லை. வந்தவற்றில் சிலவற்றை 2020 ஜூலையில் அவரே பொதுவில் எடுத்துப் போட்டார். அதே நடிப்புக்காக அடுத்த ஆண்டு அவருக்கு பாஃப்டா விருது கிடைத்தது. தொடரில் ஆபியாக கெய்ட்லின் டெவர் நடிக்கிறார் என்று அறிவித்த பிறகு படப்பிடிப்பில் அவருக்குக் கூடுதல் பாதுகாப்பு போட வேண்டியிருந்தது. உடன் நடித்த இசபெலா மெர்செட் ஒரு பேட்டியில் இதைச் சொல்லிவிட்டு, இல்லாத ஒரு பாத்திரத்தை இவ்வளவு பேர் நிஜமாகவே வெறுக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டார். தெருவில் நம்பியாரைக் கண்டால் நம் பாட்டிமார்கள் திட்டுவார்கள் என்று ஒரு கதை உண்டு. எம்ஜிஆரை அடித்த கை என்கிற கோபம். பாட்டி திட்டிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவாள். இங்கே நடந்தது அந்த ஜாதியைச் சேர்ந்த வெகுளித்தனமில்லை. மிரட்டல் அனுப்பியவர்களுக்கு, பெய்லி வேறு ஆபி வேறு என்று நன்றாகவே தெரியும். தங்கள் துக்கத்துக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும் என்று தேடினார்கள், முகவரி உள்ள ஒருவர் கிடைத்தார். ஆபி செய்ததும் இதுவேதான். ஜோயலுக்காகப் பழிவாங்க எல்லி சியாட்டிலுக்குப் புறப்பட்டுப் போய் ஒருவர் பின் ஒருவராகக் கொன்றதும் இதுவேதான். வெறுப்பு எப்படி ஆளைத் தேடுகிறது என்று சொல்ல வந்த கதையின் ரசிகர்கள் அதன் கூடுதல் அத்தியாயத்தைத் தாங்களே எழுதினார்கள்.

உடம்பைப் பற்றிய பேச்சு இன்னொரு கூத்து. கேமில் ஆபி புஜபலம் உள்ளவள். 2020இல், ஒரு பெண்ணுக்கு இப்படித் தோள் இருக்குமா என்று கேலி செய்தார்கள். 2025இல் டெவர் ஒல்லியாக வந்து நின்றதும், தோள் எங்கே என்று கேட்டார்கள். ட்ரக்மன் சொன்ன காரணம் எளிமையானது. கேமில் எல்லியும் ஆபியும் கைக்கு வேறு வேறு விதமாகப் படிய வேண்டும். எல்லி சின்ன உருவம், பதுங்கிப் பாய்கிறவள். ஆபி ஜோயலைப் போல மோதி வீழ்த்துகிறவள். அந்த உடம்பு விளையாட்டின் தேவை. தொடரில் யாரும் ஆபியை ஓட்டப்போவதில்லை. எல்லியாக நடித்த பெல்லா ராம்ஸி பட்டதும் இதே பாடுதான். முகம் கேமில் உள்ளது போல இல்லை என்று 2021இல் தேர்வான நாளிலிருந்து நாள் தவறாமல் யாராவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. முகத்தைக் குறை சொல்வது விமர்சனம் ஆகாது.

இவ்வளவு நடந்த பிறகுதான் இரண்டாம் சீசன் எழுதப்பட்டது. என் முறையீடு இங்கே இருக்கிறது. ஜோயல் செத்ததில் எனக்குக் குறையில்லை, பொய்யும் கொலையும் வாங்கி வைத்த கடன் அது. அந்தச் சாவைச் சொன்ன முறையில்தான் குறை.

கேமில் நமக்கு முதலில் ஆபி யாரென்றே தெரியாது. பனியில் கொஞ்ச நேரம் அவளாக நாம் ஓடுகிறோம், பூஞ்சை பிடித்தவர்கள் துரத்துகிறார்கள், ஜோயலும் தம்பி டாமியும் வந்து காப்பாற்றுகிறார்கள். காப்பாற்றியவனையே அவள் கொல்கிறாள். ஏன் என்று சொல்லப்படுவதில்லை. பல மணி நேரம் எல்லியாக இருந்து, வெறியோடு அவளைத் தேடிப் போகிறோம். அவளுடைய நண்பர்களைக் கொல்கிறோம். கடைசியில் நேருக்கு நேர் நிற்கும்போது திரை இருண்டு, கதை பின்னால் போய், ஆபியை நம் கையில் கொடுக்கிறது. அதே மூன்று நாட்கள், இந்தப் பக்கத்திலிருந்து. அப்போதுதான் அந்த டாக்டரின் மகள் இவள் என்று தெரிகிறது, அவரைக் கொன்றது நம் விரல் என்பதும் ஞாபகம் வருகிறது. அவளோடு விளையாடும் நாயும் நாம் எல்லியாகக் கொன்ற நாயும் ஒன்றே என்று வயிற்றில் உறைக்கிறது. பலர் இந்த இடத்தில் கன்ட்ரோலரை வீசியிருக்கிறார்கள். ஆபியாக இருந்து எல்லியை அடிக்கப் பொத்தானை அழுத்த முடியாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபம் கலையின் உள்ளே நடந்த கோபம். அதுதான் படைப்பின் உயிர்நிலை.

தொடர் என்ன செய்தது? இரண்டாம் சீசனின் தொடக்கத்திலேயே ஆபியைக் கல்லறைகளின் முன்னால் நிறுத்திவிட்டது. ஜோயலைக் கொல்லும்போது, என் அப்பாவை நீ கொன்றாய் என்று விளக்கமாகப் பேசவும் வைத்துவிட்டது. பார்வையாளர் ஆபியாக விளையாடப்போவதில்லை, அவள் பக்கத்தை அறிய அடுத்த சீசன்வரை அவர்களைக் காத்திருக்க வைக்க முடியாது என்பது படைத்தவர்களின் விளக்கம். நியாயமான விளக்கந்தான். ஆனால் அதன் அடியில் ஒரு பயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. 2020இன் ஆத்திரம் திரைக்கதை எழுதும் மேசைக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஜோயல் மனநல ஆலோசகரிடம் போய்த் தன் உள்ளத்தைப் பேசுகிறான். கேமில் ஆகக் கடைசிவரை நம்மிடமிருந்து மறைக்கப்பட்டு, எல்லாம் முடிந்த பிறகு ஒரு பரிசு போலக் கிடைக்கும் வாசல் திண்ணைக் காட்சி, தொடரில் ஆறாம் எபிசோடிலேயே கிடைத்துவிடுகிறது. ஜோயலும் எல்லியும் உண்மையைப் பேசி, மன்னிக்க முயல்கிறேன் என்று அவள் சொல்கிற காட்சி அது. பாஸ்கலும் ராம்ஸியும் அதில் அசாத்தியமாக நடித்திருக்கிறார்கள். விளையாடாதவர்கள் அழுதார்கள். விளையாடியவர்கள், இதை இப்போதே ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு பேரும் சரி.

இதற்கு எதிர்வாதம் ஒன்றை நானே சொல்ல வேண்டும். அசுவத்தாமன் இரவில் பாசறைக்குள் புகுந்து தூங்குகிறவர்களைக் கொல்வதற்கு முன்பே, ஆயுதத்தைக் கீழே வைத்த துரோணர் எப்படிக் கொல்லப்பட்டார், அதற்கு எந்தப் பொய் துணைபோனது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். காரணம் முன்பே தெரிந்ததால் அந்த இரவின் பயங்கரம் நமக்குக் குறைந்துவிட்டதா? இல்லையே. அப்படியானால் வரிசையை மாற்றியது மட்டும் குற்றமாகாது. வித்தியாசம் வேறொன்றில் இருக்கிறது. பாரதம் அசுவத்தாமனின் காரணத்தைச் சொல்கிறது, ஆனால் அவனைப் புரிந்துகொள்ளுங்கள் என்று நம்மிடம் கெஞ்சுவதில்லை. தொடர் கெஞ்சுகிறது.

அரசியல் எதிர்வினையையும் விட்டுவிட முடியாது. ட்ரக்மன் இஸ்ரேலில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர். 2000இல் ரமல்லாவில் இரண்டு இஸ்ரேலியச் சிப்பாய்களைக் கும்பல் அடித்துக் கொன்ற காட்சியை டிவியில் பார்த்தபோது தனக்குள் எழுந்த பழிவெறியும், பிறகு அதை நினைத்து வந்த வெட்கமும் இரண்டாம் பாகத்துக்கு விதை என்று 2020இல் அவரே சொன்னார். சியாட்டிலில் இரண்டு கூட்டங்கள் மாறி மாறிக் கொன்றுகொள்வதை இஸ்ரேல், பாலஸ்தீனத்தின் சாயலாகப் படித்த விமர்சகர்கள், ஆக்கிரமிப்பையும் எதிர்ப்பையும் சம எடையில் தராசில் வைக்கிற கதை இது என்றார்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு இரண்டாம் சீசனைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் உறுத்தியது. வெறுப்பு ஒரு சுழற்சி, இரண்டு பக்கமும் மனிதர்கள்தான் என்கிற வாக்கியத்தைத் தனி மனிதர்கள் இருவருக்கிடையே சொல்லலாம். நிலமும் ராணுவமும் ஒரு பக்கமே இருக்கிற இடத்தில் அதைச் சொன்னால் அது சோம்பேறித்தனம். எல்லி, ஆபி கதையாக அது நிற்கிறது. போர்க் கதையாக நிற்கவில்லை.

இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடை முதல் இரவே பார்த்தவர்கள் 37 லட்சம். நீண்ட விடுமுறை வார இறுதி என்பது ஒரு காரணம். உலகம் முழுக்கப் பின்னால் பார்த்தவர்கள் கணக்கு வேறு. என்றாலும் முதல் சீசனின் முடிவோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே. ஜோயல் போனதால் போனவர்கள் இருப்பார்கள். பாஸ்கல் போனதால் போனவர்கள் அதைவிட அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். போனவர்களைக் குறைசொல்ல மாட்டேன், இல்லாத ஒருவனின் இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எல்லாராலும் ஆகிற காரியமில்லை.

ட்ரக்மன் 2025 ஜூலையில் தொடரின் வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக அறிவித்துவிட்டார். மூன்றாம் சீசன் மேசின் கையில். அது ஆபியின் பக்கத்திலிருந்து சொல்லப்படும் கதை. அதைப் பார்க்க நினைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அதற்குள் எங்கேயாவது, யாரிடமாவது ஒரு பிளேஸ்டேஷனைக் கடன் வாங்கி, இரண்டாம் பாகத்தை விளையாடிவிடுங்கள். விளையாடத் தெரியாதென்றால், விளையாடத் தெரிந்த பையனோ பெண்ணோ வீட்டில் இருப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆபி உங்கள் கைக்கு வரும்போது கன்ட்ரோலரை வாங்கி, கொஞ்ச நேரம் நீங்களே ஓட்டுங்கள்.